மார்ச்சுவரி வாசலில் யார் நிற்பது?

(தோணிரேவில் ஊர் மக்கள் கூட்டிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொன்னேரியில் பஸ் ஏறியதிலிருந்து உங்கள் ஊர்ப் பெயர்தான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. தோணி தமிழ்ச் சொல். ரேவு தெலுங்கு, துறை என்று பொருள். பழவேற்காடு ஏரியில் பெரும்பங்கு ஆந்திரத்தில் கிடக்கிறது, நம் பங்கு கொஞ்சம்தான். ஆனால் பெயர் வைத்தவன் பங்கு பார்க்கவில்லை, ஆளுக்கொரு சொல்லைப் போட்டுக் கட்டிவிட்டான்.

கூட்டம் தொடங்குமுன் இங்கே ஒரு பாட்டியோடு பேசிக்கொண்டிருந்தேன். கடலுக்குப் போன ஆள் திரும்பாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா கேள்வி இது? யாரும் தொழிலுக்குப் போவ மாட்டாங்க. தேடத்தான் போவாங்க" என்றார். பிணம் கரை சேரும்வரை ஊரில் மடி நனையாது. செத்தவன் குடிகாரனா, கடன்காரனா, பக்கத்து வீட்டோடு பேச்சு இல்லாதவனா என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்களே, அவர்கள் வெளியூர் ஆட்கள். அன்றைக்கும் தண்ணீரில் இறங்கித் தேடியவர்கள் இந்தக் கரைக்காரர்கள்.

நான் பேச வந்தது இன்னொரு சாவைப் பற்றி. கடலில் இல்லை, போலீஸ் ஸ்டேஷனில் நடக்கிற சாவு. அந்தச் சாவுக்கு எந்த ஊரும் தொழிலை நிறுத்துவதில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்காரக்கூட ஆள் யோசிக்கும். "ஏதோ பண்ணியிருப்பான், சும்மாவா புடிச்சிட்டுப் போவாங்க?" என்ற ஒரே வாக்கியம் தெருவைக் காலி செய்துவிடுகிறது. செத்தவனுக்கு ஒரு பெயர் ஒட்டிவிடுகிறது: சந்தேகக் கேஸ். அந்தப் பெயர் பெண்டாட்டிக்கும் ஒட்டும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் ஒட்டும்.

வக்கீல் தொழிலில் எனக்கு முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. முதன்முதலாக இப்படி ஒரு சாவுக்குப் போனது ஒரு பெரிய அரசு மருத்துவமனையின் மார்ச்சுவரி வாசலுக்கு. எந்த ஊர் என்பது வேண்டாம். புளியமரத்தடியில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. எதிரில் ஒரு அதிகாரி கையில் தாளோடு நிற்கிறார். "கையெழுத்துப் போட்டால் பாடியை வாங்கிக்கொண்டு போகலாம், வண்டி ரெடியாக இருக்கிறது, டீசல் செலவும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார். குரலில் மிரட்டல் இல்லை, பரிவாகத்தான் பேசினார். இன்றுவரை என்னைத் தொந்தரவு செய்வது அந்தப் பரிவுதான். அந்தப் பெண்ணுக்குப் படிக்கத் தெரியாது. நான் போய்ச் சேர்ந்தபோது கட்டைவிரலில் மை காய்ந்திருந்தது. தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவர் என்னிடம் கேட்டார். உடம்பு சுகமில்லாமல் இருந்த தன் கணவர் இயற்கையாக இறந்துபோனதாகவும், யார் மேலும் தனக்குச் சந்தேகம் இல்லை என்றும் அவரே சொன்னதாக எழுதியிருந்தது. அன்று இரவே தகனம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதிய மனுக்கள் எல்லாம் சாம்பலைச் சாட்சிக்குக் கூப்பிட்ட மாதிரிதான்.

அன்று எனக்குப் புரிந்தது இது: நீதி கோர்ட்டில் தொடங்குவதில்லை, மார்ச்சுவரி வாசலில் தொடங்குகிறது. அந்த முதல் இரண்டு நாளில் அந்தக் குடும்பத்தின் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் பின்னால் வரும் பத்து ஆண்டு. இன்றைக்கு நான் சொல்ல வந்ததும் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்குக் கிளை.

தமிழ்நாட்டில் ஏழைகள் கண்டுபிடித்த ஒரு போராட்டம் உண்டு. உடலை வாங்க மறுப்பது. பேப்பரில் ஒரு வரியாகப் படித்துவிட்டுப் போகிறோம். பெற்ற வயிறு, பிள்ளையைக் குளிர்பெட்டியில் விட்டுவிட்டு, "எனக்கு இப்போது வேண்டாம்" என்று சொல்வது எவ்வளவு கொடுமை என்று நினைத்துப் பாருங்கள். சொந்தக்காரர்களே ஏசுவார்கள்: "பொணத்தை வச்சுக்கிட்டு அரசியலா?" ஆனால் அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கிற ஒரே ஆதாரம் அந்த உடம்பு. ஸ்டேஷன் அவர்கள் கையில் இல்லை, கேமரா அவர்கள் கையில் இல்லை, பொது டைரி அவர்கள் கையில் இல்லை. உடம்பில் இருக்கும் காயம் மட்டும் அவர்கள் பக்கம் பேசும்.

2020 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்பில் இதை ஒழுங்குபடுத்தினார். காவல் மரணத்தில் பிரேதப் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் உறவினரோ அவர்கள் சார்பில் ஒருவரோ உடலைப் பார்க்கலாம். பரிசோதனை முழுக்க வீடியோ எடுக்கப்பட வேண்டும். தடயவியல் படித்த மருத்துவர்கள் செய்ய வேண்டும். அறிக்கையும் வீடியோவும் குடும்பத்துக்குத் தரப்பட வேண்டும். நீதிமன்றம் போகப்போவதாகக் குடும்பம் எழுதிக் கொடுத்தால் 48 மணி நேரமாவது உடலைப் பாதுகாத்து வைக்க வேண்டும். அந்த 48 மணி நேரத்தை நினைவில் வையுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதிக் கொடுக்கத் தெரிந்த ஒரு பிள்ளை அந்த வாசலில் இருந்தால் போதும், அந்த நேரம் குடும்பத்துக்குக் கிடைத்துவிடும். இல்லாவிட்டால் தீர்ப்பு சட்டப் புத்தகத்தில்தான் இருக்கும், பாடி சுடுகாட்டில் இருக்கும்.

சட்டமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சட்டம் நிறைய இருக்கிறது. அதில் பாதிக்குமேல் செத்தவர்களின் வீட்டுக்காரர்கள் எழுத வைத்தது. ஒரிசாவில் சுமன் பெஹரா என்று 22 வயதுப் பையன். 1987 டிசம்பரில் திருட்டு வழக்கு விசாரணை என்று போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். தப்பி ஓடிவிட்டான், ரயிலில் அடிபட்டுவிட்டான் என்றது போலீஸ். அவன் தாய் நீலபதி பெஹரா 1988 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். 1993 மார்ச் 24 அன்று தீர்ப்பு: காவலில் இருந்தவன் உயிருக்கு அரசே பொறுப்பு, ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு கொடு. அடிப்படை உரிமை பறிபோனால் அரசு தன்னைத் தனி மனிதனோடு ஒப்பிட்டு நழுவ முடியாது என்பது அன்று உறுதியானது. இன்றைக்கு எந்தக் காவல் மரண இழப்பீட்டு வழக்கிலும் வக்கீல்கள் அந்தத் தாயின் பெயரைச் சொல்லாமல் வாதாடுவதில்லை.

இப்போது காலண்டரைப் பாருங்கள். டெல்லியில் அந்தத் தீர்ப்பு வந்த அதே 1993 மார்ச் மாதத்தில்தான் கடலூர்ப் பக்கம் முதனை ஊர் ராசாக்கண்ணுவைத் திருட்டு விசாரணை என்று கம்மாபுரம் போலீஸ் கொண்டுபோனது. அங்கேயும் அதே பாட்டு: தப்பி ஓடிவிட்டான். 'ஜெய் பீம்' படம் பார்த்திருப்பீர்கள். படத்தில் வக்கீல்தான் கதாநாயகன். வழக்கை நடத்திய வக்கீல் சந்துருவுக்கு அந்தப் பெருமை தகும், நான் மறுக்கவில்லை. ஆனால் படம் அவசரமாகத் தாண்டிப்போன ஒரு ஆள் உண்டு. அந்த ஊரில் கட்சி வேலை பார்த்த தோழர் கோவிந்தன். வழக்கு முடிகிறவரை அந்தக் குடும்பத்தோடு அலைந்தவர். ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன், கிராமத்திலிருந்து ராசாக்கண்ணுவின் மனைவியைச் சென்னைவரை கூட்டிக்கொண்டு வர ஒரு ஆள் வேண்டும் அல்லவா? பஸ்ஸுக்குக் காசு, தங்க இடம், "பயப்படாதே" என்று சொல்ல ஒரு குரல். ராசாக்கண்ணு செத்தது 1993-ல். உயர் நீதிமன்றத்தில் காவலர்களின் தண்டனை நிலைத்தது 2006-ல். பதிமூன்று ஆண்டு ஒருத்தி தனியாக நிற்க முடியுமா?

விழுப்புரம் பக்கம் பேராசிரியர் பிரபா கல்விமணி பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டியதும் இப்படித்தான். ஊரில் எங்கே திருட்டு போனாலும் முதலில் இருளர் குடிசைக்குத்தான் ஜீப் போகும். இந்த ஏரியிலேயே கழுத்தளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறார்களே, அவர்களைக் கேட்டுப் பாருங்கள். தொழிலுக்குத் தோணி இல்லாதவனுக்கு ஸ்டேஷனில் துணையும் இல்லை.

சாத்தான்குளத்துக்கு வருகிறேன். 2020 ஜூன் 19. ஊரடங்கு நேரம். ஜெயராஜுக்கு 58 வயது, மகன் பென்னிக்ஸுக்கு 31. செல்போன் கடை. கடையை நேரம் தாண்டித் திறந்துவைத்தார்கள் என்று சொல்லிக் கொண்டுபோனார்கள். இரவு முழுக்க அடி. கட்டியிருந்த கைலிகள் ரத்தத்தில் நனைந்து நனைந்து மாற்ற வேண்டியிருந்தது என்று வீட்டார் சொன்னார்கள். மறுநாள் மருத்துவரின் சான்றிதழ், மாஜிஸ்திரேட்டின் ரிமாண்ட், கோவில்பட்டிக் கிளைச்சிறை. 22-ஆம் தேதி மகன், 23-ஆம் தேதி தகப்பன்.

இதில் போலீஸை மட்டும் பார்த்தால் பாதியைத்தான் பார்க்கிறோம். சான்றிதழ் எழுதியது வேறு கை, சிறைக்கு அனுப்பியது வேறு கை, உள்ளே வாங்கிக்கொண்டது வேறு கை. நடுவில் யாராவது ஒரு கை "இந்த ஆளால் உட்காரவே முடியவில்லையே, என்ன நடந்தது?" என்று கேட்டிருந்தால் இரண்டு உயிர் மிஞ்சியிருக்கலாம். அப்படிக் கேட்ட கைகளும் இருந்தன, கொஞ்சம் பிந்தி. நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி தாமாக வழக்கை எடுத்தார்கள். விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட்டையே ஸ்டேஷனில் அவமதித்தார்கள் என்று அறிக்கை வந்ததும், அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் எடுக்கச் சொன்னார்கள். தாசில்தார் ஒருவர் ஸ்டேஷனைக் காவல் காத்த கதை நம் நாட்டில் அதற்குமுன் எனக்குத் தெரிந்து இல்லை. தலைமைக் காவலர் ரேவதி, கண்ணால் பார்த்ததைச் சொன்னார். அதே காக்கிச் சட்டை, அதே ஸ்டேஷன். அவர் சாட்சி சொன்ன தைரியத்தில் பத்தில் ஒரு பங்கு நம் எல்லோருக்கும் இருந்தால் நான் இப்படிக் கூட்டம் கூட்டமாகப் பேசிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் கசப்பாகச் சொல்லிவிடுகிறேன். சாத்தான்குளத்துக்காகக் கடையடைப்பு நடந்தது. வியாபாரிகளுக்குச் சங்கம் இருந்தது, அதனால் நடந்தது. நடந்தது சரி, நடக்க வேண்டியதும்தான். ஆனால் அதற்கு முன்னாலும் பின்னாலும் எத்தனை சாவு! 2022 ஏப்ரலில் சென்னைத் தலைமைச் செயலகக் காலனி காவல் நிலையத்தில் விக்னேஷ் செத்தான். மெரினாவில் குதிரைச் சவாரி ஓட்டிப் பிழைத்த பையன். உடம்பில் 13 காயம். அவனுக்காக ஷட்டரை இழுக்க எந்தச் சங்கம் இருந்தது?

2025 ஜூன் 28, திருப்புவனம் பக்கம் மடப்புரம். கோயில் காவலாளி அஜித்குமார். காரில் இருந்த நகை காணோம் என்று வாய்ப்புகார். முறையான வழக்குப் பதிவுக்கு முன்னாலேயே தனிப்படை அவரை அடித்துக் கேட்டது. பிரேதப் பரிசோதனையில் நாற்பதுக்கு மேல் காயம். அங்கே ஒரு ஆள் மறைந்திருந்து போனில் எடுத்த சின்ன வீடியோ இல்லாவிட்டால் வலிப்பு வந்து செத்தார் என்று கோப்பு மூடியிருக்கும். முதலமைச்சர் தாயிடம் போனில் வருத்தம் தெரிவித்தார், தம்பிக்கு ஆவினில் வேலை, வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது, நீதிமன்றம் மேலும் 25 லட்சம் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நடுவில் குடும்பத்தோடு பேரம் பேசினார்கள் என்ற புகாரும் நீதிமன்றத்துக்குப் போனது.

பணத்தைப் பற்றி இங்கே வெளிப்படையாகப் பேச வேண்டும், ஏனென்றால் நம் இயக்கக்காரர்களே இதில் கூச்சப்படுகிறார்கள். "பணம் வாங்கிட்டாங்களாமே, அப்புறம் என்ன நியாயம்?" என்று ஊர் பேசும். தவறு. இழப்பீடு அரசின் கடன், பிச்சை இல்லை. வாங்கிக்கொண்டே வழக்கும் நடத்தலாம். ராத்திரி ரகசியமாகப் பையில் வருவது வேறு, அதற்குப் பெயர் வாய்க்கட்டு. கோர்ட் ஆணையோடு, கலெக்டர் கையெழுத்தோடு வருவது வேறு. செத்தவர் தாழ்த்தப்பட்டவராகவோ பழங்குடியாகவோ இருந்து, அடித்தவர்கள் அந்தப் பிரிவுகளைச் சேராதவர்களாக இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளில் 2016 திருத்தப்படி அடிப்படைத் தொகையே 8,25,000 ரூபாய். பாதி பிரேதப் பரிசோதனை முடிந்ததும், பாதி குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போனதும். அதோடு மாத ஓய்வூதியம், வீட்டில் ஒருவருக்கு வேலை, பிள்ளைகளின் படிப்பு, மூன்று மாதத்துக்கு அரிசி பருப்பு, பாத்திரம்வரை எழுதியிருக்கிறது. சட்டம் எழுதியவனுக்கு அடுப்பு நினைவில் இருந்திருக்கிறது. ஆனால் கேட்காத குடும்பத்துக்கு ஒரு கரண்டிகூட வராது. எந்தப் பிரிவில் எஃப்.ஐ.ஆர். போடுகிறார்கள் என்று முதல் வாரத்திலேயே பார்க்கச் சொல்வது அதனால்தான்.

கேரளத்தில் இரண்டு கதை உண்டு, இரண்டும் எனக்குத் தூக்கம் கெடுத்தவை. கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் 1976 மார்ச் 1-ஆம் தேதி பிடிபட்டார். நெருக்கடி நிலைக் காலம். தகப்பன் ஈச்சர வாரியர் வாசல் வாசலாக ஏறினார். நெருக்கடி நிலை போனதும் 1977-ல் ஆட்கொணர்வு மனு. அந்த வழக்கில் முதலமைச்சர் கருணாகரன் பதவியையே விட வேண்டி வந்தது. ஆனால் பிள்ளையின் உடம்பு மட்டும் கிடைக்கவே இல்லை. உடம்பு கிடைக்காத சாவு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். கடலில் போனவன் உடம்பு கரை சேராவிட்டால் ஏழு ஆண்டு சாவுச் சான்றிதழ் இல்லாமல் எத்தனை பெண்கள் தாலியோடும் இல்லாமல், தாலி இல்லாமலும் இல்லாமல் நடுவில் நின்றிருக்கிறார்கள்! 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகுதானே அரசுக்கு அந்த வலி கொஞ்சம் உறைத்தது. ஈச்சர வாரியர் 2006-ல் இறக்கும்வரை அந்த நடுவிலேயே நின்றார்.

இன்னொன்று உதயகுமார். 2005 செப்டம்பர் 27, திருவனந்தபுரம் கோட்டை காவல் நிலையம். பழைய இரும்புக் கடையில் வேலை பார்த்த பையன். தொடைமேல் இரும்புக் குழாயை வைத்து உருட்டினார்கள். தாய் பிரபாவதி அம்மா விடவில்லை. சாட்சிகள் பிறழ்ந்தார்கள், அவர் பிறழவில்லை. 2018-ல் சி.பி.ஐ. நீதிமன்றம் இரண்டு காவலர்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2025 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. இருபது ஆண்டு அலைச்சலுக்குக் கிடைத்தது இது. போராடினால் நிச்சயம் ஜெயிப்போம் என்று மேடையில் சொல்ல எனக்கு வாய் வராது. அந்தத் தாயின் முகம் குறுக்கே வரும்.

லண்டனில் 1981-இலிருந்து 'இன்குவெஸ்ட்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. காவலில் செத்தவர்களின் குடும்பங்களுக்குத் துணை நிற்பதுதான் அதன் வேலை. விசாரணை எப்படி நடக்கும், எந்தக் காகிதத்தை யாரிடம் கேட்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிறார்கள். அந்த நாட்டில் இப்படிக் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து ஒவ்வொரு அக்டோபரிலும் டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து பிரதமர் அலுவலகத் தெருவரை நடக்கின்றன. நம் ஊரில் மக்கள் கண்காணிப்பகம் போன்றவர்கள் குடும்பங்களைச் சேர்த்து உட்காரவைக்கப் பார்க்கிறார்கள். கட்சிகளும் மேடையில் நாற்காலி போடுகின்றன. போடட்டும். நாற்காலியை மடக்கின மறுநாள் என்ன என்பதுதான் என் கேள்வி. ஒரு தாய்க்கு இன்னொரு தாய் "எனக்கும் இப்படித்தான் சொன்னாங்க, கையெழுத்துப் போடாதே" என்று சொல்வதில் இருக்கிற பலம் நூறு வக்கீலிடம் இல்லை.

நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பேப்பரில் படம் வரும்: கைது செய்யப்பட்டவன் கையில் மாவுக்கட்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டான் என்று செய்தி. நாம் சிரிக்கிறோம். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "செம" என்கிறோம். தமிழ்நாட்டு ஸ்டேஷன் பாத்ரூம்கள் மட்டும் ஏன் இவ்வளவு வழுக்குகின்றன என்று யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. சினிமா போலீஸ் பெல்ட்டைக் கழற்றினால் விசில் அடிக்கிறோம். நானும் சின்ன வயசில் அடித்திருக்கிறேன். அந்த விசில் சத்தம் ஸ்டேஷனுக்குள்ளே கேட்கிறது ஐயா. ஊர் நம் பக்கம் என்று அடிக்கிறவன் நினைக்கிறான். மாவுக்கட்டுக்குச் சிரித்த ஊர், அதே அடி இரண்டு அங்குலம் தள்ளி விழுந்து ஆள் செத்தால் எப்படிக் கேள்வி கேட்கும்?

சரி, கையில் பிடிக்கிற மாதிரி சிலது சொல்கிறேன். ஆளைப் பிடித்தால் கைது குறிப்பு எழுத வேண்டும். வீட்டாரோ ஊர்க்காரர் ஒருவரோ அதில் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வீட்டுக்குச் சொல்ல வேண்டும். இது டி.கே. பாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் போட்ட கட்டளை. அதுவும் மேற்கு வங்கத்திலிருந்து ஒருவர் 1986-ல் எழுதிய கடிதத்தில் தொடங்கியதுதான். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். காவலில் ஆள் செத்தால் நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும், முடிந்தவரை உறவினருக்குத் தெரிவித்து உடன் இருக்க விட வேண்டும். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு போதும். அப்புறம், செத்தவர் உடுத்தியிருந்த துணி எங்கே என்று முதலிலேயே கேளுங்கள். வீட்டிலிருந்து மாற்றுத் துணி கேட்டு ஆள் வந்தால் பழைய துணியைத் துவைக்காதீர்கள். இதைச் சொல்லும்போது எனக்கே வாய் கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன்.

கடைசியாக வாய்தா. ஒரு கேஸில் நூறு வாய்தா வரும். முதல் வாய்தாவுக்கு ஊரே வரும். பத்தாவதுக்கு நாலு பேர். முப்பதாவதுக்கு அந்தப் பெண் மட்டும், எதிர் பெஞ்சில் குற்றம் சாட்டப்பட்ட காவலர்கள் வரிசையாக. சாட்சி பிறழ்வது அந்தத் தனிமையில்தான். உங்கள் ஏரியில் பாடு என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. இன்றைக்கு யார் வலை எங்கே என்று சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரிக்கிறீர்கள். அதில் சேர்க்கப்படாத ஊர்களுக்கு மனக்குறை இருப்பதும் எனக்குத் தெரியும். அதை இன்று கிளறவில்லை. அந்த முறையை மட்டும் கொஞ்சம் கடன் வாங்குகிறேன். இந்தக் கரையில் எந்தக் குப்பத்திலாவது, எந்த இருளர் குடிசையிலாவது இப்படி ஒரு சாவு விழுந்தால், வாய்தாவுக்குத் துணை போவதையும் பாடு வையுங்கள். இந்த மாசம் இந்த வீடு, அடுத்த மாசம் அடுத்த வீடு. ஒரு ஆள், ஒரு பஸ் டிக்கெட், ஒரு பொட்டலச் சோறு. கோர்ட்டில் பேசக்கூட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

பொன்னேரிக்குக் கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்கிறார்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள். முன்வரிசையில் நான் முதலில் பேசிய அந்தப் பாட்டி ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார். மைக்கை அவரிடம் கொடுங்கள் தம்பி.